மூன்றாவது சாவி

அந்தப் பேட்டையில் ஒரு மாடிப்படி ஏறி இறங்குவதற்குள் ஏழு பாஷை காதில் விழும். கீழ்வீட்டில் ஒருத்தி பிள்ளையைத் திட்டுவாள், மேல்வீட்டில் ஒருத்தர் போனில் கத்துவார், நடுவில் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். திட்டும் சிரிப்பும் எல்லாருக்கும் புரியும். மற்றது அவரவர்க்கு. உலகத்தில் எந்த மூலையில் பிழைப்பு கெட்டாலும் ஆறே மாதத்தில் அந்த மூலைக்காரன் ஒருத்தன் பெட்டியோடு இங்கே வந்து இறங்குவான். இறங்கி, வீடு பிடித்து, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு டூப்ளிகேட் சாவி போட வருவான். அதனால் யார் வந்தார், யார் போனார், யார் யாரோடு சேர்ந்தார், யார் பிரிந்தார் என்பதெல்லாம் கணக்கெடுக்க வரும் ஆபீஸ்காரர்களுக்குத் தெரிவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே சாவிக்காரருக்குத் தெரிந்துவிடும்.

பஸ் நிறுத்தத்துக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒரு பெட்டி மாதிரி இருக்கும் அவருடைய கடை. அவர் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். முன்னால் வெட்டுகிற மெஷின், மடியில் அரம், முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை. அந்தப் பலகைதான் அவருடைய சொத்து, சுகம், கர்வம் எல்லாம்.

அந்தப் பேட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. சொந்தக்காரன் பக்கத்தில் இல்லாத ஊர் அல்லவா? வீட்டுச் சாவியில் ஒன்றை நம்பிக்கையான ஒருத்தரிடம் விட்டுவைப்பார்கள். தொலைந்தால், உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டால், போய் வாங்கிக்கொள்ளலாம். இருபத்தெட்டு வருஷமாக அந்த நம்பிக்கையான ஒருத்தர் சாவிக்காரர்தான். பலகையில் நூற்று அறுபது கொக்கி. ஒன்றிலும் பேர் கிடையாது, வீட்டு நம்பர் கிடையாது. திருடன் கையில் பலகையே கிடைத்தாலும் அவன் எந்தக் கதவைப் போய்த் தட்டுவான்? எல்லாம் நூல்தான். நீல நூல், ஒரு முடிச்சு: ஒரே கட்டிலில் ஒருத்தி பகலிலும் ஒருத்தி ராத்திரியிலும் தூங்குகிற இரண்டு நர்சுகள். மஞ்சள் நூல், மூன்று முடிச்சு: மாதம் ஒரு சாவி தொலைக்கிற டாக்சிக்காரர். வெள்ளை நூல்: பதினோரு பையன்கள் இருக்கிற வீடு, எவன் பேரும் இவருக்கு வாயில் நுழையாது. கணக்கு முழுக்க அவர் மண்டைக்குள் இருந்தது.

அவரிடம் ஒரே சட்டம். எந்தக் கை சாவியைக் கொடுத்ததோ அந்தக் கையில்தான் திருப்பிக் கொடுப்பார். புருஷன் வந்தாலும் இல்லை, பெற்ற தாய் வந்தாலும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. கடை போட்ட புதிதில் ஒருத்தன் சிரித்துப் பேசி, "என் சம்சாரம்தாங்க வாங்கிட்டு வரச் சொன்னா" என்று ஒரு சாவியைக் கேட்டான். கொடுத்தார். அவள் அவனிடமிருந்து தப்பி வந்தவள் என்பது இவருக்குத் தெரியாது. சாயங்காலம் அவள் வேலை முடிந்து போய்ப் பார்த்தால் வீட்டில் ஜன்னல் துணிகூட இல்லை. அவள் இவரைத் திட்டவில்லை. கடை முன்னால் வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பார்வையிலிருந்து பிறந்தது அந்தச் சட்டம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் எதிர்வரிசையில் லாண்டரிக்காரி வந்தாள்.

எந்த நாட்டிலிருந்து வந்தாளோ, வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். பேட்டையின் பேச்சைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டாள். ஆனால் யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது என்று மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதனால் எதற்கு வம்பு என்று எல்லாரையும் "நீங்க" என்றாள். கடைவாசலில் படுத்திருக்கும் நாயையும் "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பாள். பேட்டையே அதில் மயங்கிப்போனது. சாவிக்காரர் மட்டும் அவளுக்கு 'நுரை' என்று பேர் வைத்தார். "எல்லாம் நுரைதான். உள்ள ஒண்ணும் இருக்காது" என்று மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார்.

அவர் கடை ஒன்பதுக்குத் திறந்து ஆறுக்கு மூடும். அவள் விடிந்ததும் திறப்பாள், ராத்திரிச் சாப்பாட்டு நேரம்வரை இருப்பாள். முதலில் டாக்சிக்காரர் வந்தார். "தப்பா நினைக்காதீங்கண்ணே. நான் சாவிய தொலைக்கிறதே காலங்கார்த்தால. அந்த நேரத்துல நீங்க இல்லையே" என்று மஞ்சள் நூலை அவிழ்த்துக்கொண்டு போனார். பின்னாலேயே வெள்ளை நூல் போனது. பதினோரு பையன்களில் யாரோ ஒருத்தன்தான் சாவி கொடுத்திருந்தான், ஊருக்குக் கிளம்புமுன் அவன் அதைத் திருப்பி வாங்கி எதிரே கொடுத்துவிட்டான், மீதிப் பத்துப் பேருக்கும் இவர் கொடுக்க மாட்டேன் என்றால் என்ன செய்வார்கள்? நாலு வருஷத்தில் அறுபத்தேழு கொக்கி காலி. வாயைத் திறந்தால் பல் போன இடம் தெரிகிற மாதிரி பலகை பல்லிளித்தது. எதிரே அவள் கடைச் சுவரில் ஆணி ஆணியாகச் சாவி கூடிக்கொண்டு போனது. யாராவது அந்தப் பக்கம் சாவியோடு போனால் இவருக்கு அரம் வழுக்கும்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் தன் சட்டைகளைத் தானே சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்ப்பவள், அன்று லீவு.

"ஏங்க, இருபத்தெட்டு வருஷமா கழட்டிப் போட்ட எடத்துலயே கெடக்கற சட்டை இன்னிக்கு நடந்து போவுது. மழை கொட்டப்போவுது, துணிய எடுத்து உள்ள போடணும்."

"சும்மா இருடி. வேவு பாக்கப் போறேன்."

போய்ப் பார்த்தார். திக்கென்றது. ஒவ்வொரு சாவியிலும் ஒரு அட்டை, அட்டை நிறைய எழுத்து. பேர், வீடு, மாடி எல்லாம் எழுதி வைத்திருக்கிறாள்! "பாவி, பேட்டையையே கொள்ளை குடுத்துருவா" என்று வாய்வரை வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தால், எழுத்து அவள் ஊர் எழுத்து. கொடி மாதிரி சுருண்டு சுருண்டு ஓடுகிறது. அந்தப் பேட்டையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நூலும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம், மண்டையில் ஏற்றவும் வேண்டாம். இது நமக்குத் தோன்றவில்லையே என்று அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அதெல்லாம் சில்லறை வயிற்றெரிச்சல். பெரியது அடுத்து வந்தது.

அவருக்கு ஒரே மகள். இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் குடித்தனம். மாப்பிள்ளை பஸ் டிப்போவில் ராத்திரி மெக்கானிக். அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து சாவிக்காரர் தரையில் நடக்கவில்லை. சாவி போட வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டினார். "இங்க பாருங்க, கொட்டாவி விடறா. இது தும்மறதுக்கு முன்னாடி. இது தும்மினதுக்கப்புறம்." பின்னால் பலகையின் நட்டநடுக் கொக்கியில் சிவப்பு நூலில் மகள் வீட்டுச் சாவி தொங்கியது. பலகை எவ்வளவு காலியானாலும் அந்தச் சிவப்பைப் பார்த்தால் அவருக்கு உச்சி குளிரும்.

குழந்தை பிறந்த இருபதாம் நாள் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். ராத்திரி முழுக்க வேலை செய்து கண் சொருகிப்போயிருந்தது. கையில் ஒரு மூட்டை நிறைய குழந்தைக்கு இடுப்பில் கட்டுகிற பஞ்சுத்துணி. மகள் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

"மாமா, சாவிய டிப்போலயே வெச்சுட்டு வந்துட்டேன். இங்க தொங்கறத எடுங்க."

"அவ எங்க?"

"ஆஸ்பத்திரில. போன் எடுக்கல."

"சாவி குடுத்தது அவதானே மாப்பிள்ள? அவ வரட்டும்."

"மாமா, வெளையாடாதீங்க. என் வீடு மாமா அது."

"நான் இல்லன்னா சொன்னேன்? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. இன்னிக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு ஊர் என்ன கேக்கும்?"

மாப்பிள்ளை மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போய் மாடிப்படி வாசலில் உட்கார்ந்தார். மழை வந்தது. மகள் திரும்பி வந்தபோது அவர் நனைந்துகொண்டே, பஞ்சுத்துணி மூட்டையைச் சட்டைக்குள் வைத்துக் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். இங்கே சாவிக்காரர் அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டிருந்தார், சொந்தம் பந்தம் பார்க்காமல் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று.

மறுநாள் மகள் வந்தாள். "என் சாவி எங்கயோ போச்சுப்பா. அதக் குடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிவப்பு நூலோடு வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, மறுபடியும் வேவு பார்க்கப் போட்ட சட்டையை வாங்கப் போனபோது லாண்டரி ஆணியில் பார்த்தார். அட்டையில் கொடி எழுத்து. ஆனால் அவருக்கு எழுத்தா வேண்டும்? ஐந்தாவது பல்லை அவரே அரத்தால் ராவித் தேய்த்த சாவி அது. பெற்ற மகளை அடுத்தவர் வீட்டுப் பந்தியில் பார்த்த மாதிரி இருந்தது.

"ஐயா, உங்க பாப்பாவோட பாப்பா ரொம்ப அழகுங்க" என்றாள் லாண்டரிக்காரி. "நேத்து என் மூக்கப் புடிச்சாங்க."

அவர் மூக்கை இன்னும் குழந்தை பிடித்ததில்லை.

மகளிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவள் காரணம் சொல்லுவாள், காரணம் அவருக்கே கொஞ்சம் தெரியும். அதற்குப் பதிலாக மூன்று மாதம் பொருமிவிட்டு ஒரு வேலை செய்தார். நல்ல புதுப் பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார்.

"இந்தப் பழசெல்லாம் ஒரு பூட்டாம்மா? கொழந்த இருக்கற வீடு. இது அப்பாவோட பரிசு. சாத்தினாலே தானா பூட்டிக்கும். இதச் சாவியில்லாம தொறக்கணும்னா எனக்கே கால் மணி நேரம் ஆகும்னா பாத்துக்கயேன்."

மாட்டி முடித்து இரண்டு சாவி கொடுத்தார். மகள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"பெட்டில மூணு சாவி படம் போட்டிருக்கேப்பா?"

"படந்தானேம்மா. கம்பெனிக்காரன் ரெண்டுதான் வெச்சிருக்கான்."

மூன்றாவது அவர் கைக்குட்டையில் முடிந்து உள்பாக்கெட்டில் இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் கேட்காமல் அவர் வைத்துக்கொண்ட முதல் சாவி. பலகையில் மாட்ட முடியாது, நூல் கட்ட முடியாது, யாரிடமும் காட்ட முடியாது. ஒரே ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். வீட்டில் யாரும் இல்லை என்று தெரியும். கதவு முன்னால் நின்றார். கை போகவில்லை. இறங்கிவிட்டார்.

அதற்கப்புறம் என்ன நடந்தது தெரியுமா? மகள் அந்த இரண்டு சாவியில் ஒன்றைக் கொண்டுபோய்ப் பழைய சாவி தொங்கிய அதே ஆணியில் மாட்டிவிட்டாள்! இவர் காசு, இவர் பூட்டு, இவர் மாட்டியது. சாவி எதிரே நின்று இவரைப் பார்த்து மின்னியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. லாண்டரிக்காரி அன்று கடை திறக்கவில்லை. இந்த ஊரில் இருப்பதற்கான பத்திரத்தைப் புதுப்பிக்க ஆபீசுக்குப் போயிருந்தாள். கதவில் ஒரு கடிகாரம் வரைந்து ஒட்டியிருந்தாள், முள் மூன்றில் நின்றது. சாவிக்காரர் அந்த மூடின கதவைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். அப்போது மகள் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். நேராக லாண்டரிக் கதவுக்குப் போய் இரண்டு கையாலும் தட்டினாள். அப்புறம்தான் ரோட்டைத் தாண்டி இங்கே வந்தாள். அந்த அவசரத்திலும் அது அவர் கண்ணில் பட்டது.

"அப்பா! குப்பை போட வெளிய வந்தேன், கதவு சாத்திக்கிச்சு. சாவி உள்ள, அவரும் டிப்போலேர்ந்து இன்னும் வரல. பாப்பா உள்ள. அடுப்புல பால்பாட்டில் கொதிக்குது. வாங்கப்பா!"

பழைய பூட்டாக இருந்தால் கதவு சாத்தினாலும் திறக்கும். இது தானாகப் பூட்டுகிற பூட்டு. அப்பாவின் பரிசு.

பையைத் தூக்கிக்கொண்டு அவரும் ஓடினார். மூன்று மாடி. உள்ளே குழந்தை வீரிட்டது. மண்டியிட்டு உட்கார்ந்து கம்பியைப் பூட்டுக்குள் விட்டார். நெஞ்சுக்கு நேரே உள்பாக்கெட்டில் சாவி உறுத்தியது. எடுத்தால் ஒரு நொடி. எடுத்தால் இருபத்தெட்டு வருஷம் போச்சு. தொழில்காரன் கையால் திறந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, மகள் வாய் நிறைய 'அப்பா இல்லன்னா என்ன ஆயிருக்கும்' என்பாள். முதல் பல் ஏறியது. இரண்டாவது நழுவியது. கருகல் வாசனை வந்தது.

அழுகை நின்றுவிட்டது.

அழுகிற சத்தத்தைவிட அது மோசம். "அப்பா…" என்று மகள் அவர் தோளைப் பிடித்தாள். அவர் கம்பியைக் கீழே போட்டார். கைக்குட்டையை எடுத்தார், முடிச்சு அவிழவில்லை, பல்லால் இழுத்தார். சாவி போனது, திரும்பியது, கதவு திறந்தது.

குழந்தை தொட்டிலில் தன் கால் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு, யாருடா இது என்கிற மாதிரி பார்த்தது. பாத்திரம் அடிப்பிடித்து, பாட்டில் ஒரு பக்கம் வளைந்திருந்தது, அவ்வளவுதான். மகள் அடுப்பை அணைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், குழந்தையை வாரி எடுத்தாள். எல்லாம் செய்துவிட்டுத் திரும்பி, கதவில் தொங்கிய சாவியைப் பார்த்தாள்.

"இது எந்தச் சாவிப்பா?"

"மூணாவது."

"எப்பலேர்ந்து?"

"மாட்டின அன்னிலேர்ந்து."

"நாங்க இல்லாதப்ப வந்தீங்களா?"

"வாசல்வரைக்கும் ஒருவாட்டி. உள்ள வரலம்மா. இந்தக் கொழந்த மேல சத்தியமா வரல."

"அப்ப எதுக்கு?"

அவர் தரையில் கிடந்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "அங்க தொங்குச்சு. என்கிட்ட இல்ல."

மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அவர் மூணு மணி நேரம் மழையில உக்காந்திருந்தாருப்பா. ரெண்டு நாள் ஜுரம். உங்ககிட்ட சொல்லாதன்னுட்டாரு."

"தப்புதான்" என்றார். அந்த வார்த்தை வெளியே வருவதற்கு அந்தப் பூட்டைவிட நேரம் எடுத்தது.

அவள் சாவியை உருவி எடுத்துக்கொண்டாள். அவர் கம்பிப்பையோடு இறங்கி வந்தார்.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. அவர் யாரிடமும் போனை நீட்டவில்லை. லாண்டரிக்காரி மட்டும் ரோட்டைத் தாண்டி வந்து, "நான் இல்லாம போயிட்டேங்க, மன்னிச்சுக்குங்க" என்றாள். அவள் மேல் கோபப்படக்கூட ஒரு சாக்குக் கிடைக்காதது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை மாப்பிள்ளை வந்தார். டிப்போ மசி கையோடு மூன்றாவது சாவியை மெஷின் மேல் வைத்தார்.

"மாமா, இத யாரு குடுக்கறா?"

"நீங்கதான் மாப்பிள்ள."

"நல்லா பாத்துக்குங்க. என் கைதான். அப்ப நான் வந்து கேட்டா குடுப்பீங்கல்ல?"

சாவிக்காரர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டத்தில் ஓட்டை இல்லை. "குடுப்பேன்" என்றார். சிவப்பு நூலை எடுத்து, இந்தத் தடவை இரண்டு முடிச்சுப் போட்டு, நட்டநடுக் கொக்கியில் மாட்டினார். மாட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அவளுக்கு வேணும்னா?"

"அவளுதுதான் அங்க இருக்கே மாமா" என்று மாப்பிள்ளை எதிர்க்கடையைக் காட்டினார். "அது அங்கயே இருக்கட்டும்னுட்டா."

என்ன செய்ய? மருமகன் சாவி இங்கே, மகள் சாவி அங்கே.

அடுத்த வாரமே மாப்பிள்ளை சாவியை மறந்துவிட்டு வந்தார். நிஜமாக மறந்தாரா என்று சாவிக்காரர் இன்றைக்கும் கேட்கவில்லை. "அவ எங்க?" என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, நூலோடு எடுத்து நீட்டினார்.

"நீங்களும் வாங்க மாமா. அவங்க ரெண்டு பேரும் இப்ப வந்துருவாங்க."

கடையில் 'பத்து நிமிஷம்' பலகையை மாட்டிவிட்டு அவரும் போனார். மகள் வந்து குழந்தையை அவர் மடியில் போட்டாள். அது அவரை மேலும் கீழும் பார்த்தது. கையை நீட்டி மூக்கை விட்டுவிட்டு மீசையைப் பிடித்து இழுத்தது. லாண்டரிக்காரிக்கு ஏது மீசை? சாவிக்காரர் கண்ணில் தண்ணீர் முட்ட, ஆனந்தமாகக் குனிந்து குழந்தையின் கழுத்தை முகர்ந்தார்.

குழந்தையின் சட்டையில் எதிர்க்கடைச் சோப்பு வாசனை.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, இன்னொரு தடவை முகர்ந்தார்.